தாத்தாவோட சி70-ய என் முதல் மோட்டாரா ஓட்டணும், எங்கேருந்து ஆரம்பிக்கறது?

சிப்புட்_பையன்
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. நான் மலேசியா, பேராக்ல இருக்கற சுங்கை சிப்புட், வயசு 19, மோட்டார் சைக்கிள் ஓட்டற பி2 லைசென்ஸ் கையில வந்து மூணு மாசம்தான் ஆகுது. சொந்த மோட்டார் இன்னும் இல்ல. எங்க தாத்தாவோட ஹோண்டா சி70 ஒண்ணு வீட்டுப் பின்னாடி நிக்குது, உர சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கு. தாத்தா தோட்டத்துல ரப்பர் பால் மரம் வெட்டுனவரு, ரெண்டு பக்கமும் பால் டின்ன மாட்டிக்கிட்டு இதுலதான் ஸ்டோருக்கு போவாரு, லயத்த (தோட்டத்து வரிசை வீடு) விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) மாறி வந்தப்பகூட லாரியில சாமான் ஏத்துனாங்க ஆனா மோட்டார மட்டும் அவரே ஓட்டிக்கிட்டு வந்தாராம். 2011ல தவறிட்டாரு. அதுக்கப்பறம் யாரும் தொடல.

கிக் மிதிச்சா ஒரு இஞ்சுகூட இறங்கல, கல்லு மாதிரி இருக்கு. டேங்க்ல துரு. சீட்டு கிழிஞ்சிருக்கு. லெக் ஷீல்ட் ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. என்கிட்ட 1500 வெள்ளி (ரிங்கிட்) சேத்து வெச்சிருக்கேன், ஸ்பேனர் செட் ஒண்ணு இருக்கு, அனுபவம் சுத்தமா இல்ல. என் பிளான் என்னன்னா முழுசா கழட்டி, பாடிய உரிச்சு ஸ்ப்ரே அடிச்சு, குரோம் எல்லாம் புதுசா போட்டு, தீபாவளிக்குள்ள பாட்டிய பின்னாடி உக்கார வெச்சு கோயிலுக்கு போகணும். சரியா வருமா சொல்லுங்க.

ஈப்போ_பொமென்
தம்பி முதல்ல ஸ்பேனர கீழ வை. முழுசா கழட்டறேன்னு சொல்ற ஆளுங்களோட மோட்டார்தான் பாதியில பெட்டி பெட்டியா என் கடைக்கு வருது, எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது, ரெண்டு வருஷம் கழிச்சு கிலோ கணக்குல விக்கறாங்க. உன் தாத்தா வண்டிக்கு அந்த கதி வேணாம்.

ஒரு நேரத்துல ஒரு வேலை. இன்ஜின் சுத்துதா, நெருப்பு வருதா, பெட்ரோல் வருதா, நிக்குதா. இந்த நாலும் முடியற வரைக்கும் பெயிண்ட் பத்தி பேசவே கூடாது. ஸ்ப்ரே அடிச்சு முடிச்ச வண்டியில இன்ஜின் இறக்கி ஏத்துனா எப்படியும் கீறல் விழும், காசு ரெண்டு தடவ போகும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. கெரான், அதான் வண்டியோட பதிவுப் பத்திரம், இருக்கா? கெரான்ல இருக்கற இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில கொத்தியிருக்கறதும் ஒண்ணா இருக்கா பாரு. இன்ஜின் நம்பர் சி70ஈ-ன்னு ஆரம்பிக்கும். அந்தக் காலத்துல கப்சாய் (இந்த மாதிரி சின்ன மோட்டார்) இன்ஜின் மாத்தறது சட்டை மாத்தற மாதிரி, யாரோட இன்ஜின் யாரு வண்டியில இருக்குன்னு தெரியாது. நம்பர் ஒத்துப் போகலன்னா நீ எவ்வளவு செலவு பண்ணாலும் அது ரோட்டுக்கு வராது, வீட்டுல வெச்சு பாக்கலாம் அவ்வளவுதான்.

தாப்பா_ரைடர்
நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. முதல் மோட்டாருக்கு இது வேணாம். செகண்ட் ஹேண்ட் ஹோண்டா இஎக்ஸ்5 ஒண்ணு வாங்கி ஓட்டிப் பழகுங்க, தாத்தா வண்டிய பக்கத்துல வெச்சு மெதுவா செய்ங்க. புதுசா ஓட்டறவனுக்கு ரோட்ட பாக்கவே கண்ணு பத்தாது. இதுல பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா, நடுவுல நின்னுடுமான்னு யோசிச்சுக்கிட்டே ஓட்டுனா, பழைய ஈப்போ ரோட்டுல பின்னாடி லாரி வர்றப்ப என்ன பண்ணுவீங்க? நான் முதல் மோட்டாரா பழைய வண்டிதான் வாங்குனேன், பின் பிரேக் கேபிள் ஒரு எறக்கத்துல அறுந்துச்சு. கால்ல தேய்ச்சு நிறுத்துனேன், முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. அதனாலதான் சொல்றேன்.

கித்தாகாட்டு_அண்ணன்
தாப்பா தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அது வண்டியோட வயசு பண்ண தப்பு இல்ல, கேபிள பாக்காம ஓட்டுன தப்பு. பாத்து செஞ்சா கத்துக்கற ஆளுக்கு சி70 மாதிரி நல்ல வண்டி கிடையாது, நான் அதுலதான் கத்துக்கிட்டேன், எங்க லயத்துல பாதிப்பேர் அதுலதான் கத்துக்கிட்டாங்க. 72 சிசி தான், அது நம்மள கொண்டு போய் எங்கயும் மோதாது. கை கிளட்ச் கிடையாது. 1958ல சொய்சிரோ ஹோண்டா முதல் சூப்பர் கப், சி100, வெளிய விட்டப்ப நூடுல்ஸ் டெலிவரி பண்ற பையன் ஒரு கையில தட்ட தூக்கிக்கிட்டு இன்னொரு கையில ஓட்டணும்னு யோசிச்சுத்தான் அப்படி செஞ்சாங்களாம். நம்ம ஊர்ல நூடுல்ஸ் தட்டு இல்ல, பால் டின் இருந்துச்சு. 2017ல மொத்தம் பத்து கோடி வண்டி தாண்டிடுச்சு அந்த வம்சம்.

கப்சாய்ங்கற பேரே அங்கேருந்து வந்ததுதான், கப் கூட சீனத்துல குட்டிங்கறதுக்கு சொல்ற சாய் சேந்தது. பினாங்கு லோ பூன் சியூ தான் ஹோண்டாவ மலாயாவுக்கு கொண்டு வந்தாரு, சின்ன வயசுல சீனாவுலேருந்து வந்து மெக்கானிக் வேல பாத்த மனுஷன். எங்கப்பா கடைசி வரைக்கும் ஹோண்டான்னு தனியா சொல்லவே மாட்டாரு, பூன் சியூ ஹோண்டான்னுதான் சொல்வாரு.

தோட்டத்துல ஒரு மோட்டார் வந்துச்சுன்னா அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்தது இல்ல தம்பி. ராத்திரி பிரசவ வலி வந்தா அதுதான் ஆம்புலன்ஸ். தோட்டத்துல மருந்து குடுக்கற டிரஸ்ஸர கூட்டிட்டு வர அதுதான். உங்க தாத்தா வண்டியில எத்தன பேர் ஆஸ்பத்திரி போயிருப்பாங்கன்னு பாட்டிய கேட்டுப் பாருங்க. எழுப்புங்க அத.

கங்சார்_அக்கா
கெரான் தாத்தா பேர்லதான இருக்கும்? அப்ப நீ இன்ஜின தொடறதுக்கு முன்னாடி பேப்பர் வேலைய ஆரம்பிச்சிடு, ஏன்னா அதுதான் ரொம்ப நாள் இழுக்கும். எங்கப்பா தவறுனப்ப நான் பட்டது. இறந்தவங்க பேர்ல இருக்கற வண்டிய சும்மா போய் மாத்த முடியாது, உயில் இல்லன்னா அமானா ராயா (இறந்தவங்க சொத்த பாக்கற நிறுவனம்) மாதிரி இடத்துல விண்ணப்பம் போட்டு, பாட்டி, பெரியப்பா, அத்தைன்னு வாரிசு எல்லாரும் ஒத்துக்கிட்டு, அந்தப் பேப்பர் வந்தப்பறம்தான் ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) பேர் மாறும். என்னோடது எட்டு மாசம் ஆச்சு. ரோட் டெக்ஸ் செத்து இவ்வளவு வருஷம் ஆயிருக்கு, அதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேணுமான்னு அதே கவுண்டர்ல கேட்டுடு.

ரோட் டெக்ஸ் 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டே வெள்ளி. அந்த ரெண்டு வெள்ளிக்காக யாரும் பயப்பட வேணாம். இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டறதுதான் பயம். இடிச்சு அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் குடும்பமே கடன்ல போயிடும். தாமான் ரோட்டுலதான ஓட்டறேன்னு சொல்லிக்கிட்டு பேப்பர் இல்லாம எறக்காத தம்பி, அக்கா சொல்றேன் கேளு.

சிப்புட்_பையன்
எல்லாருக்கும் நன்றி. பாட்டிக்கிட்ட கேட்டேன். பிறந்த சூரா (பிறப்புப் பத்திரம்), ஐசி காப்பி எல்லாம் வெச்சிருக்கற பிஸ்கட் டின்லேருந்து கெரான எடுத்துக் குடுத்தாங்க, பிளாஸ்டிக் பையில சுத்தி பத்திரமா இருந்துச்சு. ரெண்டு நம்பரும் ஒத்துப் போகுது!! ஏ நம்பர் பிளேட், பேராக் வண்டி. பெரியப்பா ரெண்டு பேரும் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டாங்க, அத்தை கிள்ளான்ல இருக்காங்க, தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் வராங்க.

அண்ணன் சொன்ன மாதிரி கேட்டேன். பக்கத்து லயத்து அம்மா ஒருத்தவங்கள பிரசவத்துக்கு இதுலதான் கூட்டிட்டு போனாராம், அந்தப் பிள்ளைக்கு இப்ப நாப்பது வயசு இருக்குமாம். தாப்பா அண்ணே, நீங்க சொன்னதையும் யோசிச்சேன். தீபாவளி கணக்க விட்டுட்டேன். அவசரம் இல்ல. இப்ப இன்ஜின எப்படி எழுப்பறதுன்னு சொல்லுங்க.

ஈப்போ_பொமென்
நம்பர் ஒத்துப் போச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது. இப்ப கேளு, நிதானமா படி.

கிக்க ஏறி மிதிக்காத. உள்ள பிஸ்டன் ரிங்கு பிளாக்கோட துருவுல ஒட்டியிருக்கும், மிதிச்சா கிக் ஷாஃப்ட் பல்லு போகும். பிளக்க கழட்டு. அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து ரெண்டு ஸ்பூன் ஊத்து. மூணு நாள் விடு. இடது பக்கம் கவர கழட்டுனா ஃப்ளைவீல் தெரியும், நடு நட்ல ஸ்பேனர் வெச்சு முன்ன கொஞ்சம் பின்ன கொஞ்சம், தொட்டில் ஆட்டற மாதிரி. அசையலன்னா மறுபடி ஊத்து மறுபடி விடு. ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல.

இன்னொன்னு, இதான் எல்லாரும் மாட்டற இடம். அந்த கவர் ஸ்க்ரூ பாக்க சாதா பிளஸ் மாதிரி இருக்கும் ஆனா ஜப்பான் பிளஸ், ஜேஐஎஸ். சாதா டிரைவர் அதுல முழுசா உக்காராது, வழுக்கி தலைய தின்னுடும். ஜேஐஎஸ் டிரைவர் வாங்கு, இல்லன்னா சுத்தியல்ல அடிச்சு திருப்பற இம்பாக்ட் டிரைவர் வாங்கு. 1500 வெள்ளியில முதல் செலவு அதுவா இருக்கட்டும்.

சுத்த ஆரம்பிச்சதும் பழைய எண்ணெய இறக்கு. இந்த இன்ஜின்ல பேப்பர் ஃபில்டர் கிடையாது, வலது பக்க கவருக்குள்ள கிளட்ச் மேலயே ஒரு சுத்தற ஃபில்டர் இருக்கு, எண்ணெயில இருக்கற அழுக்கு அந்த வேகத்துல ஓரத்துல போய் ஒட்டிக்கும். கீழ ஒரு கம்பி வலையும் இருக்கு. ரெண்டையும் யாரும் திறந்து பாத்திருக்க மாட்டாங்க. கிக், கால் மிதி, சைலன்சர் எல்லாம் கழட்டித்தான் அந்த கவர் வரும், அதனாலதான் சோம்பேறித்தனம். நீ செய். புது எண்ணெய் ஒரு லிட்டர் டப்பா வாங்குனா கொஞ்சம் மிச்சம் வரும், 0.8 லிட்டர் பக்கம்தான் பிடிக்கும். டப்பாவுல ஜாசோ எம்ஏ-ன்னு இருக்கணும், மோட்டார் எண்ணெய்க்கு ஜப்பான்காரன் வெச்ச தரம் அது. கார் எண்ணெய் ஊத்தாத, கிளட்ச் எண்ணெயிலதான் முங்கி இருக்கு, வழுக்கும்.

ஒரிஜினல்_மட்டும்
டேங்குக்கு நான் சொல்றேன். சுக்கா (வினிகர்) ஊத்தி ஒரு நாள் முழுக்க ஊற விட்டு குலுக்குங்க, குத்துவிளக்க புளி போட்டு தேய்க்கறோம்ல அதே கதைதான், புளிப்பு துருவ தின்னும். அப்பறம் சோடா மாவு தண்ணில கழுவி புளிப்ப கொன்னுடணும், இல்லன்னா மறுநாளே திரும்ப துரு. வெயில்ல நல்லா காய வெச்சு ஒரு ஸ்பூன் எண்ணெய உள்ள சுத்தி விடுங்க. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டைய கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், ஸ்ப்ரே கிளீனர் போதும்.

பெயிண்ட் மட்டும் தொடாதீங்க தம்பி, கெஞ்சி கேக்கறேன். தாத்தா முட்டி தேய்ஞ்ச இடம், பால் டின் உரசுன இடம் எல்லாம் அந்த பாடியில இருக்கும். புது ஸ்ப்ரே எந்தக் கடையிலயும் கிடைக்கும், அந்தத் தேய்மானத்த யாராலயும் திரும்ப கொண்டு வர முடியாது. துரு ஓட்டை போட்ட இடத்த மட்டும் நிறுத்துங்க.

ஆறு வோல்ட்டையும் மாத்தாதீங்க.

தாப்பா_ரைடர்
பெயிண்டுக்கு சரி. ஆறு வோல்ட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். 1992லேருந்து மோட்டாருக்கு பகல்லயும் ஹெட்லைட் எரியணும்னு சட்டம். ஆறு வோல்ட் லைட் ஸ்லோவுல மெழுகுவத்தி மாதிரி. செம்பனைக் காட்டு ரோட்டுல ராத்திரி ஏழு மணிக்கு ஓட்டிப் பாருங்க, மாடு படுத்திருக்கறது பக்கத்துல போனாத்தான் தெரியும். புதுசா ஓட்டற பையனுக்கு வெளிச்சம் வேணும், பன்னெண்டு வோல்ட் மாத்திடு தம்பி.

ஒரிஜினல்_மட்டும்
பாதி இடத்துல ஆறு வோல்ட் மங்கலா எரியறதுக்கு காரணம் வோல்ட் இல்ல, எர்த். அம்பது வருஷத் துரு மேல வயர் முடுக்கியிருப்பாங்க. எல்லா எர்த் முனையையும் இரும்பு பளபளக்கற வரைக்கும் சுரண்டி மாட்டுங்க, அப்பறம் பேசலாம்.

ஈப்போ_பொமென்
ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். தம்பி, இப்ப ஆறு வோல்ட்டே இருக்கட்டும், எர்த் எல்லாம் சுரண்டு, முதல் ஆறு மாசம் பகல்ல மட்டும் ஓட்டு. ராத்திரி ஓட்ட வேண்டிய தேவை வந்தா பன்னெண்டு மாத்து, கழட்டுன ஒரிஜினல் சாமான ஒரு டப்பாவுல போட்டு பத்திரமா வை. வயர அறுக்காம மாத்தலாம்.

சிப்புட்_பையன்
அப்டேட், மூணு வாரம் கழிச்சு.

முதல்ல மன்னிச்சிடுங்க பொமென் அண்ணே, டிரைவர் வர்றதுக்கு முன்னாடி பொறுமை இல்லாம சாதா டிரைவர்ல வலது கவர கழட்டப் பாத்தேன், மூணு ஸ்க்ரூ தலை போச்சு. நீங்க சொன்னத கேட்டிருக்கணும். அப்பறம் இம்பாக்ட் டிரைவர்ல ரெண்டு வந்துச்சு, மூணாவதுக்கு உளி வெச்சு தட்டித் தட்டி எடுத்தேன்.

அஞ்சாவது நாள் ஃப்ளைவீல் அசைஞ்சுச்சு. கொஞ்சம்தான், நகக்கண்ணு அளவு. நான் கத்துன கத்துல பாட்டி என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள முழுச் சுத்து சுத்துச்சு. சுத்தற ஃபில்டர திறந்தா உள்ள கறுப்பா கண்மை மாதிரி கெட்டியா அப்பியிருந்துச்சு, சுரண்டித்தான் எடுத்தேன். வால்வு கேப் ரெண்டையும் கழட்டி, ஃப்ளைவீல்ல டி கோட்ட (பிஸ்டன் உச்சியில நிக்கறத காட்டற கோடு) நேர் வெச்சு, ரெண்டு வால்வுக்கும் 0.05 எம்எம் வெச்சேன். ஒண்ணுல இடைவெளியே இல்லாம இருந்துச்சு. பிளக்குக்கு நெருப்பு வர வைக்கற பாயிண்ட் பச்சை பூத்து இருந்துச்சு, மெல்லிசா தேய்ச்சு 0.35 எம்எம் வெச்சேன், பிளக் புதுசு. பிளக்க இன்ஜின் இரும்பு மேல வெச்சு கிக் அடிச்சா நீல நெருப்பு!

நேத்து சாயங்காலம் டேங்க மாட்டி பெட்ரோல் ஊத்துனேன். பதிமூணு கிக். பதினாலாவதுல பட்டுன்னு வெடிச்சு நின்னுச்சு, அடுத்ததுல எடுத்துச்சு. வெள்ளையும் நீலமுமா புகை வாசலே தெரியல, அஞ்சு நிமிஷத்துல குறைஞ்சு போச்சு. அது நான் உள்ள ஊத்துன எண்ணெயா இல்ல ரிங்கு போச்சா? பாட்டி உள்ளேருந்து வரல. அப்பறம் போய் பாத்தா சமையல் கட்டுல அடுப்ப அணைச்சுட்டு நின்னுக்கிட்டு இருந்தாங்க. சத்தம் கேட்டதும் தாத்தா வேலை முடிஞ்சு வர்ற நேரம்னு தோணிடுச்சாம்.

கித்தாகாட்டு_அண்ணன்
தம்பி இத படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்ல. நல்லா இருங்க.

ஈப்போ_பொமென்
ஸ்க்ரூ போனா போகுது, புதுசு போட்டுக்கலாம். புகை அஞ்சு நிமிஷத்துல குறைஞ்சா ஊத்துன எண்ணெய்தான். ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓடுனப்பறமும் நீலமா வந்தா ரிங்கு, இல்ல பிளாக் தேய்ஞ்சிருக்கும், அப்ப கோரெக் பண்ணி (பிளாக்க கடைஞ்சு பெருசாக்கி) 0.25 எம்எம் பெரிய பிஸ்டன் போடணும். இப்ப அதுக்கு காசு செலவு பண்ணாத.

இப்ப இன்ஜின மறந்துடு. ஓட ஆரம்பிச்ச வண்டிதான் ஆபத்து, சும்மா நின்னுக்கிட்டு இருந்தப்ப இல்ல. மிச்சக் காசு எல்லாம் பிரேக்குக்கும் டயருக்கும். ரெண்டு டிரம்மையும் திற, உள்ள இருக்கற தூள ஊதாத, காத்து அடிக்காத, பழைய பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால துடைச்சு துணிய தூக்கிப் போடு. ஷூ ரெண்டு ஜோடி புதுசு, கேபிள் புதுசு, பிரேக் கேம்ல கொஞ்சம் கிரீஸ், ஷூ மேல ஒரு துளிகூட படக்கூடாது. டயர் எவ்வளவு பூ இருந்தாலும் 2011க்கு முன்னாடி டயர் ரப்பர் இல்ல, மரக்கட்டை. முன்ன 2.25-17, பின்ன 2.50-17. டியூபும் மாத்து. டயர் பக்கத்துல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். கடைக்காரர் பழைய ஸ்டாக்க எடுத்துக் குடுப்பாரு, நீ படிச்சுப் பாத்து வாங்கு.

தாப்பா_ரைடர்
கேபிள் புதுசுன்னு சொன்னதுக்கு அண்ணனுக்கு ஒரு கும்பிடு. தம்பி, ஓட்டிப் பாக்கறப்ப ரெண்டு விஷயம் தெரிஞ்சிக்கோங்க. முன் பிரேக் பிடிச்சா மத்த மோட்டார் மாதிரி முன்னாடி குனியாது, இதுல முன் பக்கம் எழும்பும், அந்த ஃபோர்க் அப்படி. பயந்து விட்டுடாதீங்க. கியர் மூணுதான், கியர மிதிச்சு காலு மேல இருக்கற வரைக்கும் கிளட்ச் விட்டிருக்கும், காலை மெதுவா எடுத்தாத்தான் பிடிக்கும். ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டே காலை சட்டுன்னு எடுத்தீங்கன்னா பாயும். முதல்ல திடல்ல பழகுங்க, பாட்டிய ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது தனியா ஓட்டுங்க.

கங்சார்_அக்கா
பாட்டிக்கும் சிரிம் (மலேசியத் தரம்) முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்கிடு. கோயிலுக்குத்தானேன்னு சேலைத் தலைப்ப போத்திக்கிட்டு ஏறுவாங்க. தலைப்பு சக்கரத்துல மாட்டாம இடுப்புல சொருகச் சொல்லு, அதையும் மறக்காத. அமானா ராயா என்ன ஆச்சு?

சிப்புட்_பையன்
ஃபாரம் குடுத்தாச்சு அக்கா, அத்தை போன வாரம் வந்து கையெழுத்து போட்டுட்டாங்க, இப்ப காத்துக்கிட்டு இருக்கேன். அது வர வரைக்கும் வண்டி கேட்ட தாண்டாது, சத்தியமா. பெயிண்ட் தொடல. லெக் ஷீல்ட் உடைஞ்சத உள் பக்கம் அலுமினியத் தகடு வெச்சு ரிவெட் அடிச்சிட்டேன், கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியுது.

ஒரு சந்தேகம். முன் சக்கரத்த ஆட்டுனா டக் டக்னு ஆடுது. பேரிங்கா?

ஈப்போ_பொமென்
சக்கரம் ஆடுனா பேரிங், சக்கரத்தோட சேந்து ஃபோர்க் கீழ சக்கரத்த பிடிச்சிருக்கற குட்டிக் கையும் ஆடுனா அதோட புஷ். சி70ல பெரும்பாலும் புஷ்தான். பழைய புஷ்ஷ கழட்டி கையில எடுத்துக்கிட்டு வா, அளவு பாத்து வாங்கணும். ஞாயித்துக்கிழமை காலையில ஈப்போ வந்துடு, டயரும் சேத்தே பாத்துடலாம். பஸ்ல வா, மோட்டார்ல வந்துடாத. பசியாறாம வா, மாமாக் கடையில சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்.

சிப்புட்_பையன்
சரிங்கண்ணே. எட்டு மணி பஸ்.